என் மகனை மட்டும் குறைத்துவிடுங்கள்

ஹாஸ்கெட், கன்சாஸ்
ஆகஸ்ட் 19

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆர்லீன் அக்காவுக்கு,

தம்பி கேலன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி நெட்டாவும் உடம்பளவில் நலம். மனதளவில் எப்படி என்பதைக் கடிதம் முடிவதற்குள் நீயே தெரிந்துகொள்வாய். அங்கே நீயும் க்ளைட் அத்தானும், மகளும் மாப்பிள்ளை பிராட்லியும், பேரப்பிள்ளைகளும் ஓரிகன் மழைக்கு ஈடுகொடுத்துச் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் முழங்கால் வலியையும் பாராமல் மண்டியிட்டு மன்றாடுகிறேன். நீ அனுப்பிய பழப்பாகு மூன்று புட்டிகளில் இரண்டு உயிரோடு வந்து சேர்ந்தன. மூன்றாவது உன் கடிதத்தின் மேலேயே உடைந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் தபால்காரனாக இருந்தவனுக்கு அக்காவாக இருந்துகொண்டு, கண்ணாடிப் புட்டியை ஒரே ஒரு செய்தித்தாளில் சுற்றி அனுப்பலாமா? கடிதத்தை ஆவியில் காட்டிப் பிரித்தேன். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் போய்விட்டன. நடுவில் ஒரு வரி மட்டும் பளிச்சென்று தப்பியிருந்தது: "அது சரி, அந்தச் சண்டை இன்னுமா நடக்குது? டிவியில ஒண்ணுமே காணோமே."

நடக்கிறது, அக்கா. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. உன்னை அத்தை என்று கூப்பிடுகிற என் ஒரே மகன் ராய்ஸ் இப்போது மூன்றாவது முறையாக ஆப்கானிஸ்தானில் இருக்கிறான். கேப்டன். நூற்றிருபது பேருக்குத் தலைவன். போன கிறிஸ்துமஸ் விருந்தில் இதை உங்கள் வீட்டில் நான் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் வான்கோழி வெட்டுகிற மின்சாரக் கத்தி ஓடிக்கொண்டிருந்தது. பிராட்லி மாப்பிள்ளை நல்ல மனிதர், குற்றம் சொல்ல மாட்டேன். "ராணுவம் ரொம்பப் பெருத்துப் போச்சு மாமா, பாதியா வெட்டணும்" என்றார். அடுத்த வாயிலேயே, "ஆனா அந்தப் பயலுகளுக்கு ஒரு பாடம் கத்துக்குடுக்காம விடக்கூடாது" என்றார். பாதியை வெட்டிவிட்டால் பாடம் நடத்த யார் போவார்கள் என்று கேட்டேன். "அதுக்குத்தான் ஆளுங்க இருக்காங்களே" என்றார். அந்த ஆளுங்களில் ஒரு ஆள் என் மகன் என்றேன். "ஓ, ராய்ஸ் இன்னும் அங்கதான் இருக்கானா? அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க மாமா." தள்ளினேன். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் படைவீரர்களுக்காக எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். குளிருக்காக ராய்ஸின் பழைய ராணுவச் சட்டையைப் போட்டிருந்த எனக்கும் சேர்த்துத் தட்டினார்கள். ஒரு அம்மாள் கண்கலங்கி, "உங்க சேவைக்கு நன்றி" என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் திணித்தாள். மறுக்கத் தைரியம் இல்லாமல் விமானம் ஏறுவதற்குள் அதைத் தின்றும் விட்டேன். அறுபத்துநாலு வயதில் நாட்டுக்காக நான் செய்த சேவை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் இங்கே பூகம்பம். வாஷிங்டனில் ராணுவத்தைச் சுருக்கப் போகிறார்களாம். எங்கள் ஊர் முகாமில் மட்டும் பாதிப் பேர், அதாவது எட்டாயிரம் வீரர்கள், போனாலும் போகலாம் என்று ஜனவரியில் செய்தித்தாள்களில் வந்தது. ஊரைப் பற்றி உனக்குத் தெரியும். முகாம் வாசலிலிருந்து ஒரு மைலுக்கு டயர் கடை, பீட்சா கடை, பச்சை குத்தும் கடை, அடகுக் கடை, அப்புறம் நெட்டாவின் முடிவெட்டும் கடை. நாலு நாற்காலி, நாளுக்கு அறுபது தலை, எல்லாம் ராணுவத் தலை. செய்தியைப் படித்துவிட்டு நெட்டா சொன்னாள்: "படை குறைஞ்சா தலை குறையும். தலை குறைஞ்சா நம்ம பிழைப்பு குறையும். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

எனக்கு யோசிக்க இருந்தது, அக்கா. படையைக் குறைத்தால் ராய்ஸையும் குறைப்பார்கள், அவன் வீட்டுக்கு வந்துவிடுவான். ஆனால் நெட்டாவின் கடை மூடிவிடும், வீட்டை விற்கவும் முடியாது, வாங்க ஊரில் ஆள் இருக்க மாட்டார்கள். படையைக் குறைக்காவிட்டால் கடை ஓடும், வீடு நிற்கும். ராய்ஸ் நாலாவது முறையும் போவான். காலையில் ஒரு பயம், மத்தியானம் அதற்கு நேர் எதிரான பயம். இரண்டையும் ஒரே வயிறு தாங்க வேண்டியிருந்தது. டாக்டர் அமிலம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

இதற்கிடையே டயர் கடை டுவெய்ன் ஹாப்கட், வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்தான், முகாமைக் காப்பாற்ற ஒரு குழு அமைத்து ஊருக்கெல்லாம் மஞ்சள் சட்டை அடித்தார். 'எங்கள் வீரர்களை இங்கிருந்து அனுப்பாதீர்' என்பது வாசகம். 'இங்கிருந்து' என்ற சொல்லுக்கு மார்பில் இடம் போதவில்லை என்று அச்சடிப்பவர் அதை விட்டுவிட்டார். 'எங்கள் வீரர்களை அனுப்பாதீர்' என்று நாலாயிரம் சட்டைகள். டுவெய்ன் தலையில் அடித்துக்கொண்டார். நான் மூன்று வாங்கினேன். மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் நடந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மனப்பூர்வமாக நான் எந்தச் சட்டையையும் போட்டதில்லை. "நீ ஏன் இவ்வளவு சந்தோஷமா போட்டுக்கிறேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் நெட்டா.

இப்போது சொல்லப் போவதை அத்தானிடம் படித்துக் காட்டாதே. மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. நெட்டா கடைக்குப் போய்விட்டாள். நான் ஓட்ஸ் கஞ்சியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் ஒரு வெள்ளைக் கார், அரசாங்க எண்பலகை, வீட்டு எண்களைப் பார்த்துப் பார்த்து ஊர்ந்து வருகிறது. எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒரு பெண், ஒரு ஆண். விழாச் சீருடை, மார்பில் பதக்கப் பட்டைகள், கையில் தொப்பி. அக்கா, முகாம் ஊரில் இருக்கிற எந்தத் தகப்பனையும் கேட்டுப் பார். அந்தச் சீருடையில் இரண்டு பேர் வாசலுக்கு வந்தால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். மோசமான சேதியை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி.

அழைப்பு மணி அடித்தது. நான் நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. முப்பத்தொரு வருஷம் பிறர் கதவைத் தட்டியவன் நான். பெற்றுக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் பதிவுத் தபால் திரும்பிப் போய்விடும் என்பது என் தொழில் அறிவு. கதவைத் திறந்தால்தானே சேதி? திறக்காத வரை ராய்ஸ் உயிரோடு இருக்கிறான். அந்த நிமிஷத்தில் இதைவிடத் தெளிவான உண்மை உலகத்தில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மணி மறுபடியும் அடித்தது. நான் தவழ்ந்து சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து, கொல்லைப்புறத்து மரவேலியில் ஏறினேன். நாற்பது வருஷமாக வேலி ஏறாதவன். ஒரு கால் அந்தப் பக்கம் போய்விட்டது, இன்னொரு காலின் கால்சட்டை ஆணியில் மாட்டிக்கொண்டது. நான் அப்படியே தலைகீழாகத் தொங்கினேன். அப்போது என் கண்ணுக்கு நேரே, பக்கத்து வீட்டுப் புல்வெளியில், பளபளவென்று நாலு கறுப்புக் காலணிகள் வந்து நின்றன. சுற்றி வந்துவிட்டார்கள்.

"ஐயா, மிஸ்டர் ஸ்ட்ரவுட் நீங்கதானா?" என்றாள் அந்தப் பெண். லெப்டினென்ட், இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

"இல்லை" என்றேன். "அவர் வீட்ல இல்லை. எப்ப வருவாருன்னு தெரியாது. நீங்க போயிடுங்க."

"ஐயா, நாங்க—"

"வாங்கிக்க மாட்டேன்! கையெழுத்துப் போட மாட்டேன்! எடுத்துட்டுப் போங்க!" என்று கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. பக்கத்து வீட்டார் சொன்னது.

அவள் புல்லில் மண்டியிட்டு, தலைகீழாக இருந்த என் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைச் சாய்த்தாள். "ஐயா, இங்க பாருங்க. உங்க மகனைப் பத்தின சேதி இல்லை. அவர் நல்லா இருக்காரு. நாங்க ஒரு கூட்டத்துக்கு உங்களைக் கூப்பிட வந்தோம். கூட்டம், ஐயா. வெறும் கூட்டம்." இதையே நாலு தடவை சொன்ன பிறகுதான் எனக்கு அர்த்தம் ஆயிற்று. பின்னால் நின்ற சார்ஜென்ட் என்னைத் தூக்கி இறக்கினார். கால்சட்டை வேலியிலேயே நின்றுவிட்டது. நான் அவர் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு அவருடைய பட்டைகள் என் கன்னத்தில் அச்சாகிவிட்டதைப் பார்த்து அவரும் சிரித்தார். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "ஒரு விழாவிலேர்ந்து நேரா வந்துட்டோம், ஐயா. உடை மாத்திட்டு வந்திருக்கணும். போன் பண்ணிட்டாவது வந்திருக்கணும். எங்கம்மாவும் வாசல் மணி அடிச்சா இப்படித்தான்..." என்றாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன், உள்ளாடையோடு.

கூட்டம் என்னவென்றால், ராணுவம் ஒவ்வொரு முகாம் ஊருக்கும் போய், ஆள் குறைப்பதைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறதாம். 'படைவீரரின் தந்தை' என்ற வகையில் பேச ஒரு ஆள் வேண்டும். என் பெயரைக் கொடுத்தது யார் தெரியுமா? நெட்டா.

டுவெய்ன் பேச வேண்டியதை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார். மூன்று நிமிஷம். வருஷத்துக்கு எத்தனை டயர் தேய்கிறது, எத்தனை பீட்சா போகிறது, பள்ளியில் எத்தனை பிள்ளைகள் குறைவார்கள், எத்தனை தலைமுடி வெட்டப்படுகிறது. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "டுவெய்ன், இதுல சண்டைன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே?" என்றேன். "அது வேற இலாகா, கேலன். நம்ம இலாகா டயர்" என்றார். பாவம், அவரும் பயந்துதான் போயிருந்தார். ஏழு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்.

நெட்டா கேக்குக்கு நேரம் பார்க்கிற மணிக்கூட்டை மூன்று நிமிஷத்துக்குத் திருகி வைத்து எனக்குத் தினமும் ஒத்திகை நடத்தினாள். பீட்சா வரைக்கும் நன்றாகப் போகும், பள்ளிக்கூடத்தில் தடுக்கும், தலைமுடிக்கு வந்ததும் நின்றுவிடும். ஐந்தாவது நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு ஒரு பயமும் இல்லையா நெட்டா? உனக்குக் கடைதான் முக்கியமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் மணிக்கூட்டை மேஜையில் வைத்தாள். "கிளம்புறதுக்கு முந்தின நாள் அத்தனை பசங்களும் எங்கிட்டதான் வர்றாங்க. தலையைக் குனிஞ்சு, கழுத்தை என் கையில குடுத்துட்டு உட்காருறாங்க. ஒவ்வொரு கழுத்தும் நம்ம பையன் கழுத்துதான் எனக்கு. உன்னை மாதிரி நானும் நடுங்கலாம், கேலன். ஆனா என் கையில கத்தி இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்." இதைச் சொல்லிவிட்டு, "சரி, மறுபடியும் டயர்லேர்ந்து ஆரம்பி" என்றாள். ஆரம்பித்தேன்.

கூட்டம் உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில், மாலை ஐந்து மணிக்கு. ஆயிரத்து இருநூறு பேர், எல்லாம் மஞ்சள். மேடையில் வாஷிங்டனிலிருந்து வந்த ஜெனரல், பக்கத்தில் குறிப்பெடுக்க இரண்டு பேர். மேயர் பேசினார், வங்கி மேலாளர் பேசினார், வீட்டுத் தரகர் ஒருவர் பேசிக்கொண்டே அழுதார். எல்லாரும் வீரர்களைப் பற்றித்தான் பேசினார்கள்: அவர்கள் என்ன தின்கிறார்கள், என்ன வாங்குகிறார்கள், எந்த அளவு வீட்டில் குடியிருக்கிறார்கள். வேற்று ஊரான் யாராவது வந்து கேட்டிருந்தால், நல்ல பசியுள்ள ஒரு சுற்றுலாக் கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருப்பான். ஒரு மணி நேரத்தில் சண்டை என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது. அதுவும் நாய்ச்சண்டைக்கு எதிரான ஊராட்சித் தீர்மானத்தைப் பற்றி மேயர் சொன்னபோது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றேன். அட்டையை எடுத்தேன். "ஐயா, எங்கள் ஊரில் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம் டயர்கள்" என்று ஆரம்பித்தேன். ஜெனரல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். களைத்த முகம், அக்கா, கெட்ட முகம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் அட்டையில் இருந்ததெல்லாம் எறும்பாக ஊர்ந்து போய்விட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே பேசிற்று:

"ஐயா, என் பையனை மட்டும் குறைச்சுடுங்க. கேப்டன் ராய்ஸ் ஸ்ட்ரவுட். மத்தவங்களை எல்லாம் வெச்சுக்குங்க. டயருக்கு ஆள் வேணும், நான் இல்லைன்னு சொல்லலை. ஒரே ஒருத்தனைக் குறைச்சா ஊர் ஒண்ணும் அழிஞ்சிடாது. அவன் பீட்சாகூட அதிகம் திங்க மாட்டான்."

ஆயிரத்து இருநூறு பேர் மூச்சுவிடும் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். டுவெய்ன் முகத்தை மூடிக்கொண்டார். நெட்டா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபமா என்னவென்று தெரியவில்லை. அப்போது நடுவரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கார்லா ஓச்சோவா என்று பெயர். பள்ளி உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவள், மடியில் ஒரு குழந்தை. ஒலிபெருக்கி இல்லாமலே அவள் குரல் மூலைக்கு மூலை கேட்டது.

"ஐயா, உங்க பையனைக் குறைச்சா சண்டையும் குறைஞ்சிடுமா? சண்டை அப்படியேதானே இருக்கும்? அப்ப அவர் இடத்துக்கு யாரு போவாங்க? என் வீட்டுக்காரர் சார்ஜென்ட். மூணு தடவை போயிட்டு வந்தாச்சு. உங்க பையன் வீட்டுக்கு வந்தா, என் வீட்டுக்காரர் நாலாவது தடவை போவாரு. அவ்வளவுதானே?"

அக்கா, உனக்கு 1970 ஞாபகம் இருக்கும். பிறந்த தேதியை எழுதிக் குலுக்கிப் போட்டு, யார் வியட்நாம் போவது என்று எடுத்தார்களே, சின்ன எண் வந்தவன் முதலில் போக வேண்டும் என்று. எனக்கு 311 வந்தது, போக வேண்டியதில்லை. அம்மா கேக் செய்தாள். பக்கத்து வீட்டு லைலுக்கு 9 வந்தது. அம்மா கேக்கில் பாதியை லைல் வீட்டுக்கு அனுப்பினாள். அவர்கள் கேக்கைத் தொடாமல் தட்டோடு திருப்பி அனுப்பினார்கள். ஆனால் ஒன்று, அந்த நாளில் பயம் ஊர்ப்பொது. பணக்காரன் வீட்டிலும் ரேடியோவைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது பயத்தையும் சில வீடுகளுக்கு மட்டும் குத்தகைக்கு விட்டாயிற்று. மற்ற வீடுகளில் உருளைக்கிழங்கு தள்ளச் சொல்கிறார்கள். இதையெல்லாம் மேடையில் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியலம்மா" என்று மட்டும்தான் சொன்னேன்.

ஜெனரல் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார். "மிஸ்டர் ஸ்ட்ரவுட், அம்மா, ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன். எத்தனை பேரை வெச்சுக்கலாம்னு கேக்கத்தான் என்னை அனுப்பினாங்க. எத்தனை சண்டை வெச்சுக்கலாம்னு கேக்க யாரையும் எங்கேயும் அனுப்பலை." அதற்குள் மூன்று நிமிஷ மணி அடித்துவிட்டது.

வெளியே கார்களுக்கு நடுவே ஒளிந்து நின்றேன். கார்லா தேடி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "கோவத்துல கேக்கலை ஐயா. நானும் அதையேதான் கேக்கணும்னு வந்தேன். எங்க வீட்டுக்காரர் பேரை எழுதிக்கூட வெச்சிருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க." குழந்தை என் மஞ்சள் சட்டையில் வாந்தி எடுத்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் ஊரில் யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. டுவெய்ன் என் காரின் சக்கரத்துக்குக் காற்றடிக்க மறுத்தார். யாரோ நான் பேசியதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டார்கள். முகம் தெரியாத தாய்மார்கள் டெக்சாஸிலிருந்தும் அலபாமாவிலிருந்தும் கூப்பிட்டு, நான் சொன்னதை அப்படியே அவர்கள் பிள்ளைக்காகவும் சொல்ல முடியுமா, விலாசம் வேண்டுமா என்று கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் கூப்பிட்டான்.

"அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"தெரியாம வாயில வந்துடுச்சுடா."

"இங்க நூத்தி இருபது பேரும் பாத்துட்டாங்கப்பா. சாப்பாட்டுக் கூடாரத்துல திரை கட்டிப் போட்டுப் பாத்திருக்காங்க."

"சிரிக்கிறாங்களா?"

"இல்லைப்பா. 'கேப்டன், உங்கப்பா அடுத்த தடவை பேசுனா எங்க பேரையும் சேத்துக்கச் சொல்லுங்க'ன்னு வரிசையில நிக்கிறாங்க." பிறகு குரலை இறக்கி, "எனக்கு அவமானமா இருக்குப்பா. அவங்களை விட்டுட்டு நான் மட்டும் எப்படி வருவேன்?" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, உன்னிடம் மறைக்க மாட்டேன்: மன்னிப்புக் கேட்கும்போதுகூட, குறைத்துவிட மாட்டார்களா என்றுதான் உள்ளே துடித்தது.

ஜூலையில் முடிவு வந்தது. எட்டாயிரம் இல்லை, அறுநூறு பேர்தான். ஊரே தெருவில் ஆடியது. டுவெய்ன் என் நாலு சக்கரத்துக்கும் இலவசமாகக் காற்றடித்தார். அதே வாரம் அதிகாரிகள் குறைப்புப் பட்டியலும் வந்தது. ராய்ஸ் பெயர் இருந்தது. ஒரு ரோந்துக்குப் போய்விட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தவனை மேலதிகாரி கூப்பிட்டு, உன் சேவைக்கு நன்றி, இனி தேவையில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் மாற்று ஆள் வருகிற வரை, அக்டோபர் வரைக்கும் அங்கேயே இருக்க வேண்டுமாம். வேலையை விட்டு நீக்கியாயிற்று, அக்கா. குண்டுக்கு மட்டும் அந்த உத்தரவின் நகல் போகவில்லை. வேண்டாத பிள்ளை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் இரண்டு மாதம் அவனை அதே மலைப்பாதையில் நடக்கவிடுகிறார்கள். முன்னே இருந்த பயத்தைவிட இது மோசம்.

நான் பேசியதால்தான் பெயர் வந்ததோ, ஜெனரல் குறித்துக்கொண்டு போய்விட்டாரோ என்று நெட்டாவிடம் கேட்டேன். "மூணு நிமிஷப் பேச்சுக்கு ராணுவம் அசையும்னா நான் எப்பவோ மேடை ஏறியிருப்பேன்" என்றாள். இரண்டு நாள் கழித்து, கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவிக்கொண்டு, "ஒருவேளை உன்னாலதான்னா, நன்றி கேலன்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

ஆக, அக்டோபர் ஒன்பதாம் தேதி வருகிறான். அதுவரை இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கூடாது, முன்கூட்டிச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நெட்டா உத்தரவு. உறையில் போட்டு, விலாசம் எழுதி, இழுப்பறையில் வைக்கிறேன். அவன் கால் தரையில் பட்ட மறுநாள் தபாலில் போட்டுவிடுவேன். பிராட்லி மாப்பிள்ளையின் கிடங்கில் ஏதாவது வேலை காலி இருந்தால் சொல்லச் சொல். பையன் நூற்றிருபது பேரை மேய்த்தவன். பெட்டிகளை மேய்க்க மாட்டானா?

அத்தானின் முதுகு நேராகட்டும். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, சத்தமில்லாத வேலைகளில் அமரட்டும். உன் கைப்பக்குவம் குறையாமல் இருக்கட்டும். கடவுள் எல்லாருடைய வாசலையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பும்,

உன் பிரியமுள்ள தம்பி,
கேலன் ஸ்ட்ரவுட்

பின்குறிப்பு, டிசம்பர் 2: அக்கா, சொன்ன தேதியில் ராய்ஸ் வந்தான். கை கால் எல்லாம் இருந்தன, எண்ணிப் பார்த்தேன். சந்தோஷத்தில் கடிதத்தைப் போட மறந்துவிட்டேன். அவன் மூன்று வாரம் தூங்கினான். நாலாவது வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளையிடம் கிடங்கு வேலை கேட்க வேண்டாம். நேற்று ஒரு தனியார் பாதுகாப்புக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஜனவரியில் கிளம்புகிறான்: அதே நாடு, அதே பள்ளத்தாக்கு, அதே முகாம். ராணுவத்தில் ஆள் குறைந்துவிட்டதால் காவலுக்கு வெளியாட்களை எடுக்கிறார்களாம். இரண்டு மடங்கு சம்பளம், தாடி வளர்த்துக்கொள்ளலாம். "என் பசங்க இன்னும் அங்கதானேப்பா இருக்காங்க" என்கிறான். நெட்டா அவனுக்கு முடி வெட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கம்பெனி ஆட்களைப் படைவீரர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அதனால், அங்கே நம் ஆட்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள் என்று இன்றைய தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குறைந்தவர்களில் ராய்ஸும் ஒருவன். உங்கள் பக்கம் யாராவது அவனைப் பற்றிக் கேட்டால், வீட்டுக்கு வந்துவிட்டான் என்றே சொல்லிவிடு, அக்கா. அரசாங்கம் அப்படித்தான் சொல்கிறது.